கையெழுத்தான காகிதமும் அணைந்த ஊதுலையும்: ரைன்ஹவுசன் உருக்காலை, 1987–1993

1987 செப்டம்பரில் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் இருந்த க்ரூப் நிறுவனத்தின் ரைன்ஹவுசன் உருக்காலையின் நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சுமார் 2,000 வேலைகள் குறைவதற்குத் தொழிலாளர் தரப்பு சம்மதித்தது. பதிலுக்கு ஆலை நிலைத்திருக்கும் என்று நிர்வாகம் உறுதி சொன்னது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதே நிர்வாகம் ஆலையை மொத்தமாக மூடத் திட்டமிடுகிறது என்ற செய்தி வெளியே வந்தது.

அதற்குப் பிறகு 160 நாள் நடந்த போராட்டத்தைப் பற்றி ஜெர்மனியில் இன்றும் பேசுகிறார்கள். ஆனால் இந்த ஆய்வில் நான் அதிகம் பார்க்க விரும்புவது அந்த செப்டம்பர்க் காகிதத்தை. ஆலை மூடல் என்றாலே உலகச் சந்தை, மலிவு இறக்குமதி, உற்பத்தி மிகுதி என்று பெரிய காரணங்களைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அவை எல்லாம் உண்மைதான். இருந்தாலும் ஒரு வாக்குறுதியை எழுதும்போது அதை மீறினால் என்ன ஆகும் என்பதையும் எழுதினார்களா என்ற சின்னக் கேள்வியில்தான் பல குடும்பங்களின் கதி தொங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தப்பட்டவர்களில் பெரும்பாலோரைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறேன். வரலாற்றுக்குத் தேவையான சில பொது மனிதர்களின் பெயர்கள் மட்டும் வரும்.

பின்னணி: ஒரு குடும்பம், ஒரு நிறுவனம், ஒரு ஊர்

க்ரூப் நிறுவனம் 1811-ல் எஸ்ஸன் நகரில் ஃப்ரீட்ரிக் க்ரூப் என்பவர் தொடங்கிய சிறு வார்ப்பு உருக்குப் பட்டறை. அவர் கடனோடுதான் செத்தார். மகன் ஆல்ஃப்ரெட் காலத்தில்தான் அது பெருகியது. ரயில் பெட்டிச் சக்கரத்துக்கு ஒட்டுப்போடாத எஃகு வளையம் செய்யும் முறையை அவர் கண்டுபிடித்தார். ரயில் ஓடிய நாடுகளெல்லாம் அதை வாங்கின. நிறுவனத்தின் முத்திரையில் உள்ள மூன்று வளையங்கள் அந்தச் சக்கர வளையங்கள்தான். பீரங்கி என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். பீரங்கியும் செய்தார்கள், அதில்தான் பேரும் பழியும் சேர்ந்தது. முத்திரை மட்டும் ரயிலிலிருந்து வந்தது.

எஸ்ஸன் நகரம் ரைன் ஆற்றங்கரையில் இல்லை. இரும்புத் தாது ஸ்பெயினிலிருந்தும் சுவீடனிலிருந்தும் கப்பலில் வரத் தொடங்கியபோது தாதை உருக்கி இரும்பாக்கும் ஊதுலையை ஆற்றங்கரையிலேயே வைத்தால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை வந்தது. அதனால் மூன்றாம் தலைமுறையான ஃப்ரீட்ரிக் ஆல்ஃப்ரெட் க்ரூப், ரைனின் இடது கரையில் நிலம் வாங்கி 1897-ல் அங்கே இரும்பு உருக்கத் தொடங்கினார். சுற்றியிருந்தவை விவசாயக் கிராமங்கள். ஆலை வந்த பிறகுதான் அவை சேர்ந்து ரைன்ஹவுசன் என்ற ஊராயின. தொழிலாளர் குடியிருப்பு, மேலதிகாரிகளுக்குத் தனி மாளிகை வரிசை, கடை, பள்ளி எல்லாம் ஆலையைச் சுற்றியே முளைத்தன. நம் ஊரில் நெய்வேலியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1975-ல் இந்த ஊர் டூயிஸ்பர்க் மாநகரத்தோடு இணைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் க்ரூப் நிறுவனம் பல்லாயிரம் கட்டாயத் தொழிலாளர்களை வேலை வாங்கியது. வதைமுகாம் கைதிகளும் அவர்களில் இருந்தார்கள். அதற்காக நிறுவன உரிமையாளர் ஆல்ஃப்ரீட் க்ரூப்புக்கு 1948-ல் நியூரம்பர்க்கில் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. சொத்தைப் பறிமுதல் செய்யவும் உத்தரவானது. 1951-லேயே அமெரிக்க ஆணையர் அவரை விடுவித்து, சொத்தையும் திருப்பிக் கொடுத்தார். பதிலுக்கு நிலக்கரி, எஃகுத் தொழில்களை விற்றுவிட்டு வெளியேறுகிறேன் என்று 1953-ல் அவர் எழுதிக்கொடுத்தார். விற்க வேண்டிய பட்டியலில் ரைன்ஹவுசனும் இருந்தது. வாங்க ஆள் வரவில்லை என்றார்கள். கெடு ஆண்டாண்டாகத் தள்ளிப்போனது. 1960களின் கடைசியில் அந்த நிபந்தனையே கைவிடப்பட்டது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே நிறுவனம், இதே ஆலை குறித்து ஏற்கெனவே ஒரு முறை எழுதிக்கொடுத்துவிட்டு அதைச் செய்யாமலே கடந்து வந்திருக்கிறது. அப்போது தோற்றவை நேச நாட்டு அரசுகள். அரசுகளாலேயே நிறைவேற்றவைக்க முடியாத காகிதம் அது.

1967-ல் ஆல்ஃப்ரீட் இறந்தார். மகன் வாரிசுரிமையை அதற்கு முன்பே விட்டுக்கொடுத்திருந்ததால் சொத்து முழுவதும் ஓர் அறக்கட்டளைக்குப் போனது. 1970களில் ஈரான் அரசு பணம் போட்டுக் கால் பங்கு வாங்கியது. இந்திய வாசகர்களுக்கு க்ரூப் வேறு வழியில் தெரிந்திருக்கும். ஒடிசாவில் ரூர்கேலா உருக்காலையை 1950களில் திட்டமிட்டு நிறுவிய ஜெர்மன் நிறுவனங்களில் இதுவும் ஒன்று.

என்ன நடந்துகொண்டிருந்தது

1975 முதல் ஐரோப்பிய எஃகுத் தொழில் இறங்குமுகம். ஆலைகள் அதிகம், வாங்குவோர் குறைவு. 1980-ல் ஐரோப்பியச் சமூகம் நெருக்கடி நிலையை அறிவித்து, எந்த நிறுவனம் எவ்வளவு எஃகு உற்பத்தி செய்யலாம் என்று ஒதுக்கீடு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு டன்னுக்கும் ரேஷன் மாதிரி. அந்த ஒதுக்கீடு 1988 நடுவில் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு விலைப் போட்டியில் யார் நிற்பார்கள் என்ற பயம் எல்லா நிறுவனங்களிலும் இருந்தது.

ரைன்ஹவுசனில் ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். 1987-ல் 6,000 பேருக்குச் சற்று மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஆலையைக் காப்பாற்றத்தான் ஆட்குறைப்பு என்றுதான் சொல்லப்பட்டது. தொழிலாளர் பிரதிநிதிகள் ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்தார்கள், பேரம் பேசினார்கள், கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பர் ஒப்பந்தமும் அந்த வரிசையில் இன்னொன்றுதான்.

ஜெர்மன் எஃகுத் தொழிலில் தொழிலாளர்களுக்கு இருக்கும் உரிமை வேறெங்கும் காண அரிது. 1951-ல் வந்த சட்டப்படி, நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு. சமநிலையில் தீர்ப்புச் சொல்ல நடுநிலையாளர் ஒருவர். நிர்வாகக் குழுவில் தொழிலாளர் விவகாரத்தைப் பார்க்கும் இயக்குநரை அவர்கள் சம்மதம் இல்லாமல் நியமிக்க முடியாது. இவ்வளவு இருந்தும் செய்தி கசிந்த பிறகுதான் தொழிலாளர்களுக்கு மூடல் திட்டம் தெரிந்தது. எந்த மேசையில் உட்கார இடம் கொடுத்திருந்தார்களோ அந்த மேசைக்கு விஷயம் வரும் முன்பே பேச்சு வேறு மேசையில் நடந்துவிட்டது. க்ரூப், மன்னஸ்மான், தைசன் ஆகிய மூன்று நிறுவனத் தலைமைகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தன. ஆற்றுக்கு அக்கரையில் ஹுக்கிங்கனில் இருந்த மன்னஸ்மான் ஆலையோடு உற்பத்தியைச் சேர்த்துவிட்டால் ரைன்ஹவுசன் தேவைப்படாது. திட்டத்தின் சாரம் இதுதான்.

நிர்வாகத்தின் கணக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆற்றின் இரு கரையிலும் இரண்டு ஆலைகள் அரை வயிற்றோடு ஓடுவதைவிட ஒன்று முழுவதுமாக ஓடுவது மலிவு. அதில் தவறு கண்டுபிடிப்பது கடினம். தவறு வேறு இடத்தில். அந்தக் கணக்கு கையில் இருக்கும்போதே, அல்லது உருவாகிக்கொண்டிருக்கும்போதே, ஆலை நிலைக்கும் என்று கையெழுத்துப் போட்டு 2,000 வேலைகளை வாங்கிக்கொண்டார்கள்.

1987 நவம்பர் 26 முதல் 30 வரை

நவம்பர் 26 அன்று செய்தி கசிந்தது. சில மணி நேரத்தில் ஆலைக்குள் பரவி, வேலை நின்றது. தொழிலாளர்கள் முதலாம் வாசலில் கூடினார்கள். அந்த வாசலில் அன்று தொடங்கிய காவல் பல மாதம் நீடித்தது.

நவம்பர் 30 அன்று, எஃகை உருட்டி வடிவமாக்கும் உருட்டாலைக் கொட்டகையில் பெரிய கூட்டம். தொழிலாளர்களோடு மனைவிகள், பிள்ளைகள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர் நேரில் வந்து மேடையேறினார். அவர் எண்களோடு வந்திருந்தார். அவர் பேசத் தொடங்கியதும் கூச்சல் எழுந்தது. முட்டைகள் பறந்தன. அந்தப் படம் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஓடியது.

ஆனால் அன்றைய கூட்டத்தைத் திருப்பியது முட்டை இல்லை. ஆலையின் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த இடைநிலை அதிகாரி ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். வழக்கப்படி அவர் நிர்வாகத்தின் பக்கம் நிற்க வேண்டியவர், குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியவர். சரித்திரப் புத்தகம் திறந்து கிடக்கிறது, அதில் புதிய பக்கங்களை எழுதுவது இனி உங்கள் கையில் என்ற பொருளில் அவர் பேசினார். தொழிலாளி பேசியிருந்தால் அது எதிர்பார்த்த கோபம். மேலதிகாரி பேசியதால் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே இருந்த கோடு இடம் மாறியது. அன்று முதல் எஸ்ஸன் தலைமையகம் ஒரு பக்கம், ரைன்ஹவுசன் ஊர் முழுவதும் மறுபக்கம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதல் முடிவு: முறையான வேலைநிறுத்தம் அறிவிக்கவில்லை. வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது புரியாது. ஜெர்மனியில் ஊதிய ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலத்தில் அமைதி காக்கும் கடமை தொழிற்சங்கத்துக்கு உண்டு. ஆலையை மூடுவது முதலாளியின் தொழில் முடிவு, அதற்கு எதிராக சங்கம் வேலைநிறுத்தம் அறிவிக்க முடியாது என்பதுதான் அன்றைய சட்டப் புரிதல். அறிவித்தால் இழப்பீட்டு வழக்கு வரும், சங்கத்தின் நிதியே போய்விடும். எனவே தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த ஆலைக் குழு, சட்டம் அனுமதித்த ஒன்றைக் கையில் எடுத்தது: ஆலைக் கூட்டம். கூட்டத்தைக் கூட்ட அவர்களுக்கு உரிமை உண்டு, அதற்குக் கால வரம்பு கறாராக இல்லை. கூட்டம் நீண்டது, இடைவேளை விட்டார்கள், மறுபடி கூடினார்கள். வேலை நடந்தும் நடக்காமலும் வாரங்கள் ஓடின. போராட்டம் 160 நாள் தாங்கியதற்கு இந்தப் பொறுமையான சட்ட அறிவு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது முடிவு: போராட்டத்தை ஆலைக்கு வெளியே கொண்டுபோனது. எஃகே விற்காத காலத்தில் உற்பத்தியை நிறுத்தினால் நிறுவனத்துக்கு வலிக்காது, இருப்புதான் குறையும். வலிக்கிற இடம் போக்குவரத்தும் அரசியலும். டிசம்பர் தொடக்கத்தில் டூயிஸ்பர்க்கையும் ரைன்ஹவுசனையும் இணைக்கும் ரைன் பாலத்தை மறித்தார்கள். டிசம்பர் 10 அன்று, எஸ்ஸன், டூயிஸ்பர்க், டோர்ட்மண்ட் நகரங்கள் அடங்கிய ரூர் தொழில் பகுதி முழுவதும் சாலைகள் அடைபட்டன. மற்ற நிறுவனங்களின் எஃகுத் தொழிலாளர்களும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுமாகப் பல பத்தாயிரம் பேர் இறங்கினார்கள். சுரங்கக்காரர்கள் வந்ததற்குக் காரணம் இருந்தது. ஊதுலை அணைந்தால் அதில் எரிக்க நிலக்கரியிலிருந்து செய்யும் கற்கரிக்குத் தேவை போகும், கற்கரி போனால் சுரங்கம் போகும்.

அதற்கு முந்தின நாள், டிசம்பர் 9-ல், எஸ்ஸனில் க்ரூப் குடும்பத்தின் பழைய ஹ்யூகல் மாளிகையில் மேற்பார்வைக் குழு கூடியிருந்தது. 1873-ல் கட்டி முடித்த, 269 அறைகள் கொண்ட மாளிகை அது. மன்னர்களும் அமைச்சர்களும் விருந்துண்ட கூடத்துக்குள் ரைன்ஹவுசன் தொழிலாளர்கள் நுழைந்தார்கள். க்ரூப் வரலாற்றில் தொழிலாளி அந்தக் கூடத்துக்குள் கூட்டமாகக் கால் வைத்தது சாதாரண விஷயமில்லை. தலைமுறை தலைமுறையாக “நாங்கள் க்ரூப்காரர்கள்” என்று பெருமையோடு சொல்லிக்கொண்ட குடும்பங்கள் அவை. அந்தப் பெருமை அடிபட்டதால்தான் கோபம் அவ்வளவு ஆழமாக இருந்தது.

மூன்றாவதை முடிவு என்று சொல்வதைவிடத் தானாக நடந்தது என்று சொல்லலாம். பெண்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர் முன்வரிசைக்கு வந்தார். உருட்டாலைக் கொட்டகையிலேயே கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் சபையினர் இருவரும் சேர்ந்து வழிபாடு நடத்தினார்கள். 1988 பிப்ரவரி 20 அன்று அதே கொட்டகையில் இசை விழா நடந்தபோது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ஜனவரியில் ஆலையின் பயிற்சித் தொழிலாளர்கள் பாலத்துக்கு “ஒற்றுமைப் பாலம்” என்று பெயர்ப் பலகை மாட்டினார்கள். பயிற்சி முடித்தால் வேலை இருக்குமா என்று தெரியாத பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

1988 மே: இரண்டாவது காகிதம்

குளிர்காலம் முடிய முடியச் சோர்வு தெரிந்தது. பிப்ரவரி கடைசியில் பிரதமர் ஹெல்முட் கோல் பான் நகரில் ரூர் பகுதிக்காக ஒரு மாநாடு கூட்டினார். பொதுவான உதவிகள் பேசப்பட்டன, ஆலை குறித்து உறுதி எதுவும் இல்லை. கடைசியில் மாநில முதல்வர் யோஹன்னஸ் ராவ் நடுவராக நின்று மே மாதத் தொடக்கத்தில் டூசல்டோர்ஃபில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

உடன்பாட்டின்படி ஒரே ஓர் ஊதுலை மட்டும் ஓடும், குறைந்தது 1990 முடியும்வரை. யாரையும் கட்டாயமாக வேலையை விட்டு நீக்கக் கூடாது. முன்கூட்டிய ஓய்வு, மற்ற ஆலைகளுக்கு இடமாற்றம், மாற்று வேலைகளை உருவாக்கும் பொறுப்பு ஆகியவை நிறுவனத்தின் மேல் வந்தன. தொழிலாளர்களில் பலருக்கு இது கசந்தது. 160 நாள் நின்றது ஆலை முழுவதையும் காப்பாற்ற. கிடைத்தது பாதி ஆலையும் இரண்டரை ஆண்டும்.

நான் இதைத் தோல்வி என்று எழுத மாட்டேன். செப்டம்பர்க் காகிதத்தையும் மே காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முதல் காகிதத்தில் ‘நிலைக்கும்’ என்ற சொல் இருந்தது, தேதி இல்லை, சாட்சியும் இல்லை. இரண்டாவதில் தேதி இருந்தது. மாநில அரசின் தலைவர் நடுவில் இருந்தார். ஆட்களை எப்படி அனுப்பலாம், எப்படி அனுப்பக் கூடாது என்று இருந்தது. முதல் காகிதம் மூன்று மாதத்தில் கிழிந்தது. இரண்டாவது அதன் தேதியைத் தாண்டியும் நின்றது.

தாண்டி நின்றதற்குச் சந்தையும் உதவியது என்பதை மறைக்கக் கூடாது. 1988-லேயே எஃகுக்குத் தேவை எகிறியது. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவில் நல்ல காலம். மூடியிருக்க வேண்டிய ஊதுலையிலிருந்து இரும்பு ஓடிக்கொண்டே இருந்தது. 1990-ல் க்ரூப்பும் மன்னஸ்மானும் ஹுக்கிங்கன் ஆலையைக் கூட்டு நிறுவனமாக்கின. ரைன்ஹவுசன்காரர்களில் ஒரு பகுதியினர் அங்கே போனார்கள்.

1991–1993: டோர்ட்மண்டா, ரைன்ஹவுசனா

அடுத்த அடி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. 1991 அக்டோபரில் க்ரூப் தன் போட்டி நிறுவனமான ஹோஷ் பங்குகளில் கால் பங்கு அளவை ரகசியமாக வாங்கிச் சேர்த்துவிட்டதாக அறிவித்தது. டோர்ட்மண்ட் நகரத்தின் உயிர்நாடி ஹோஷ். விருப்பமில்லாத கையகப்படுத்தல் என்பதே அன்றைய ஜெர்மனிக்குப் பழக்கமில்லாத விஷயம். டோர்ட்மண்ட் தெருக்களில் இறங்கியது, பலன் இல்லை. 1992 டிசம்பரில் இரண்டும் ஒரே நிறுவனமாயின.

அந்த நேரம் பார்த்துச் சந்தை மறுபடி சரிந்தது. இணைந்த நிறுவனத்தின் கையில் தேவைக்கு மேல் உருக்கும் திறன். 1993 தொடக்கத்தில் கேள்வி அப்பட்டமாக வந்தது: மூட வேண்டியது டோர்ட்மண்ட் ஆலையையா, ரைன்ஹவுசனையா?

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. 1987 டிசம்பரில் ரைன்ஹவுசனுக்காக ரூர் பகுதி முழுவதும் சாலையில் நின்றது. ஐந்தே ஆண்டில் அதே பகுதியின் இரண்டு ஊர்கள் ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று பறிக்க வேண்டிய நிலைக்கு வந்தன. இதில் தொழிலாளர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இது அல்லது அது என்று கேள்வி கேட்கப்பட்டால் எல்லாரும் தன் வீட்டைத்தான் பார்ப்பார்கள். கேள்வியை அப்படி அமைத்ததே ஒரு முடிவு, அந்த முடிவில் எந்த ஊருக்கும் பங்கில்லை.

முடிவு டோர்ட்மண்டுக்குச் சாதகமாக வந்தது. வாகனத் தொழிலுக்கு வேண்டிய தகட்டு எஃகு அங்கே தயாரானது. ரைன்ஹவுசனில் ஏற்கெனவே பாதிக்கும் குறைவான ஆட்களே மிஞ்சியிருந்தார்கள், ஊதுலையும் ஒன்றுதான். ஒரு முறை பாதியாக வெட்டிய ஆலையை அடுத்த முறை முழுதாக வெட்டுவது சுலபம். 1993-ல் மறுபடி ஊர்வலங்கள் நடந்தன, 1987-ன் வேகம் இல்லை.

1993 ஆகஸ்ட் 15 அன்று கடைசி முறையாக உருக்கினார்கள். 96 ஆண்டு இரும்பு ஓடிய ஆலை நின்றது.

பின்விளைவுகள்

ஆட்கள் விஷயத்தில் ஏற்பாடு காத்தது. ஐம்பதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் முன்கூட்டிய ஓய்வில் போனார்கள். நம் ஊர் வி.ஆர்.எஸ். மாதிரி என்று சொல்லலாம், ஆனால் கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்புவதாக இல்லாமல் ஓய்வூதிய வயதுவரை வருமானத்துக்கு ஏற்பாடு இருந்தது. ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்தின் நிதியும் இதில் சேர்ந்தது. இளையவர்கள் ஹுக்கிங்கனுக்கும் மற்ற ஆலைகளுக்கும் போனார்கள். 1987 நவம்பரில் நினைத்தபடி ஒரே வீச்சில் மூடியிருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு நேரமே இருந்திருக்காது. போராட்டம் வாங்கிக்கொடுத்த ஐந்தரை ஆண்டின் விலை இதில்தான் தெரிகிறது. நாற்பத்தாறு வயதில் தெருவுக்கு வருவதும் ஐம்பத்திரண்டு வயதில் ஓய்வுக்குப் போவதும் ஒரு குடும்பத்துக்கு ஒன்றா?

ஆனால் வேலைகள் போனது போனதுதான். ஓய்வுபெற்ற அப்பாவுக்குப் பணம் வந்தது, மகனுக்கு ஆலையில் இடமில்லை. இடமாற்றமும் ஓய்வும் ஆட்களைக் காப்பாற்றும், வேலையைக் காப்பாற்றாது. ஒப்பந்தம் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

டோர்ட்மண்ட் ஜெயித்ததா என்றால் எட்டு ஆண்டுகள் ஜெயித்தது. 1997-ல் க்ரூப்-ஹோஷ் தன்னைவிடப் பெரிய தைசனையே விழுங்கப் பார்த்தது. தொழிலாளர்கள் ஃபிராங்க்பர்ட்டில் வங்கிகளின் முன் திரண்டார்கள். கையகப்படுத்தும் முயற்சி கைவிடப்பட்டாலும் எஃகுப் பிரிவுகள் இணைந்தன, 1999-ல் இரண்டு நிறுவனங்களும் முழுவதுமாக ஒன்றாயின. புதிய நிறுவனத்துக்கு ரைன் கரையில் டூயிஸ்பர்க்கில் உருக்குவதே லாபம். 2001-ல் டோர்ட்மண்டில் இரும்பு உருக்குவது நின்றது. சீனாவின் ஷாகாங் நிறுவனம் அந்த ஆலையை வாங்கியது. சுமார் ஆயிரம் சீனத் தொழிலாளர்கள் வந்து தங்கி, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டுக் கழற்றிக் கப்பலேற்றினார்கள். டோர்ட்மண்டின் உருக்குப் பட்டறை இருந்த ஓரிடத்தில் இப்போது செயற்கை ஏரி, கரையைச் சுற்றி விலையுயர்ந்த வீடுகள்.

எதை மாற்றிச் செய்யலாம்

செப்டம்பர் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தல் உடனே நடந்தது, வாக்குறுதி எதிர்காலத்தில் இருந்தது. 2,000 வேலைகளையும் ஒரே தவணையில் கொடுத்திருக்கக் கூடாது. இவ்வளவு முதலீடு வந்தால் இவ்வளவு ஆட்குறைப்பு என்று படிப்படியாக, ஒன்றோடொன்று கட்டி எழுதியிருக்க வேண்டும். வேறு நிறுவனத்தோடு இந்த ஆலையைப் பற்றிப் பேச்சு தொடங்கினாலே ஆலைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற ஒரு வரியும் சேர்ந்திருக்கலாம். அந்த வரியை நிர்வாகம் ஏற்றிருக்குமா என்று கேட்கலாம். ஏற்க மறுத்திருந்தால் அதுவே ஒரு செய்தி. செப்டம்பரிலேயே தெரிந்திருக்கும்.

மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் இருப்பதை மட்டும் நம்பியது இன்னொரு பிழை. அந்த இடம் ஒரு நிறுவனத்துக்குள் நடப்பதற்கு மட்டும்தான். மூன்று நிறுவனத் தலைவர்கள் சேர்ந்து பேசும்போது மூன்று ஆலைக் குழுக்களும் சேர்ந்து பேசும் ஏற்பாடு வேண்டும். அது முன்பே இருந்திருந்தால் 1991-ல் ஹோஷ் பங்குகள் வாங்கப்பட்டதுமே டோர்ட்மண்டும் ரைன்ஹவுசனும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். 1993-ல் ‘இதுவா அதுவா’ என்ற கேள்விக்கு மூன்றாவது பதில் ஒன்றைத் தயாரிக்க ஒன்றரை ஆண்டு இருந்தது. எடுத்துக்காட்டாக இரண்டு ஆலைகளிலும் ஷிப்ட் குறைத்து ஓட்டுவது. அந்தப் பதிலும் தோற்றிருக்கலாம். கேட்கப்பட்டிருக்கும் என்பதுதான் முக்கியம்.

மூன்றாவது, நிலம். மே 1988 உடன்பாட்டில் மாற்று வேலைகள் பேசப்பட்டன. ஆலை நின்ற நிலம் யாருக்கு, எப்போது என்பதுதான் அந்த மாற்று வேலைகளின் அடித்தளம், அது நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. டூயிஸ்பர்க் துறைமுக நிறுவனத்தின் கைக்கு அது வந்தது 1998-ல், மூடி ஐந்து ஆண்டு கழித்து. ஊதுலை ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே கேட்டிருக்க வேண்டியது இது. ஆலை ஓடும்போது ஊருக்குப் பேரம் பேசும் வலு உண்டு, புகை நின்ற பிறகு அது இல்லை.

இன்று அந்த இடம்

டூயிஸ்பர்க்கில் பழைய ஊதுலையைப் பூங்காவாக மாற்றி விளக்குப் போட்டிருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது தைசன் நிறுவனத்தின் மைடரிக் ஆலை, ரைன்ஹவுசன் இல்லை. ரைன்ஹவுசனில் ஊதுலைகளைத் தகர்த்து நிலத்தைச் சமன்செய்துவிட்டார்கள். சுமார் 265 ஹெக்டேரில் இப்போது சரக்குக் கிடங்குகளும் கன்டெய்னர் முனையமும். சீனாவின் சோங்சிங் நகரிலிருந்து கிளம்பும் சரக்கு ரயில்கள் வந்து நிற்பது இங்கேதான். வேலைகள் வந்தன. உருக்காலைக் கூலிக்கும் கிடங்குக் கூலிக்கும் உள்ள இடைவெளி வேறு விஷயம். அதிகாரிகளின் பழைய மாளிகை வரிசையும், தொழிலாளர் குடியிருப்பும் அப்படியே நிற்கின்றன.

2024 நவம்பரில், இணைந்த நிறுவனத்தின் எஃகுப் பிரிவு 2030-க்குள் சுமார் 11,000 வேலைகளைக் குறைப்பதாகவோ வெளி நிறுவனங்களுக்குக் கொடுப்பதாகவோ அறிவித்தது. மறுபடியும் டூயிஸ்பர்க்கில் ஆலை வாசல்களில் கூட்டம் கூடியது.

1988 ஜனவரியில் பயிற்சித் தொழிலாளர்கள் மாட்டிய பலகையின் பெயர் நின்றுவிட்டது. வரைபடத்திலும் சாலைப் பலகையிலும் அந்த ரைன் பாலம் இன்று ஒற்றுமைப் பாலம்தான்.